நாளைய நீலம்

புன்னைக்குப்பம் கடலாகிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அந்த ஊரில் தூறல்கூட இல்லை. கருவாடு மொறுமொறுவென்று காய்ந்த நாள் என்று பிற்பாடு ஊரார் சொன்னார்கள். சென்னையின் தென்கோடியில், குளிரூட்டப்பட்ட ஒரு கட்டடத்தில் கணினிகள் கடற்கரையின் அடுத்த சில பத்தாண்டுகளைக் கணக்கிட்டு முடித்தன. உடனே அவ்வூருக்குரிய சதுரத்தில் இருந்த வெளிர்பச்சை அழிந்து நீலம் படர்ந்தது. ஊரின் பெயரும் தானாகவே வலப்பக்கம் சாய்ந்துகொண்டது. நிலத்தின் பெயர்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், நீரின் பெயர்கள் சாய்ந்திருக்க வேண்டும் என்பது வரைபடக்காரர்களின் பழைய மரபு. சுபத்ரா அந்த மாற்றத்தைத் திரையில் பார்த்தாள்; ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினாள். அன்றைக்கு அவள் அழுத்திய எத்தனையோ சரிகளில் அதுவும் ஒன்று.

‘நிலவரை’ என்ற அந்த இணைய வரைபடத்தில் வங்கக் கடலோரத்தைக் கவனித்த தொகுப்பாளர்களில் அவளும் ஒருத்தி. இணையத்தில் விரைவாக அனுப்புவதற்காக வரைபடத்தைச் சதுரச் சதுரமாக நறுக்கி வைப்பது அத்தொழிலின் ஆதிகால வழக்கம். நிறுவனம் அந்தக் கட்டங்களையே வேலைப் பங்கீட்டுக்கும் வைத்துக்கொண்டது. தன் கட்டத்தின் விளிம்போடு ஒரு தொகுப்பாளரின் பொறுப்பு முடிந்துவிடும். அதற்கப்பால் அவளுடைய பணித்திரையில் வெறும் சாம்பல் நிறம்தான். அங்கே ஊர் இருக்கலாம், உலகமே இருக்கலாம். ஆனால் அது வேறொருவர் பாடு.

ஒரு மாதம் கழித்து, ‘பிழை சுட்டுக’ என்ற பகுதியில் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது.

“மேடமோ சாரோ, யாரா இருந்தாலும் கேளுங்க. என் பேரு அஞ்சலாட்சி. புன்னைக்குப்பத்துல மீன் யாவாரம் பண்றேன். எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு எங்கூட்டுக்கு வந்திருந்துச்சு. வலி கண்டதும் ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். வண்டி வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. மெயின் ரோட்டு முக்கு வரைக்கும் வந்து நின்னுபோச்சு. தானா ஓடற வண்டியாம், தண்ணிக்குள்ள எறங்காதாம். உள்ள இருந்த நர்சம்மா கையப் பெசையுது. கடைசில எம் பேரன் எங்க பொறந்தான் தெரியுமா? மீன் ஏத்தற லோடு ஆட்டோல, ஐஸ் பொட்டிக்கு நடுவுல. புள்ள சளி புடிச்சுத் தப்பிச்சுது. நாங்க இன்னும் தண்ணிக்குள்ள போவல. அத மட்டும் கொஞ்சம் எழுதிக்குங்க.”

இத்தகைய முறையீடுகளுக்கென்று எழுதிவைத்த ஒரு பதில் இருந்தது: ‘தங்கள் பகுதி முன்கணிப்பின் அடிப்படையில் காட்டப்படுகிறது.’ சுபத்ராவின் விரல் அதன்மேல் சற்று நேரம் நின்றது. பிறகு அவள் எழுந்து இம்தியாஸின் இடத்துக்குப் போனாள். முன்கணிப்புப் பிரிவின் தலைவன் அவன். அந்த நிறுவனத்தில் அவனைவிட மூத்தவர்கள் மிகச் சிலரே. அஞ்சலாட்சியின் பதிவைக் கேட்டு முடித்தவுடன் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

“குழந்தை நல்லா இருக்கா?”

“இருக்காம்.”

“அல்ஹம்துலில்லாஹ். ஆனா சுபா, மாடல் தப்பா சொல்லல. அந்த ஊரு போறதுக்கு நூத்துக்கு எழுபதுக்கு மேல வாய்ப்பு. எழுபதைத் தாண்டினா நீலம். இதுதான் விதி.”

“போகும்னு சொல்றதுக்கும் போயிடுச்சுன்னு காட்டறதுக்கும் வித்தியாசம் இல்லையா, இம்தியாஸ்?”

அவன் நாற்காலியைப் பின்னால் சாய்த்தான். “நான் இந்த வேலைக்கு வந்தப்ப வரைபடம் திறக்கறதே பெரிய பாடு. சாம்பல் கட்டமா நிக்கும், ஒவ்வொண்ணா நிறையும், அதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். அப்போ அது நேத்தைக் காட்டுச்சு. ரெண்டு வருஷப் பழைய படம். அப்புறம் தெருப் புகைப்படம், நெரிசல் எல்லாம் வந்துச்சு. அது இன்னைக்கைக் காட்டுச்சு. அதுக்கப்புறம் நாம ஓரத்துல ஒரு சின்ன நழுவுகோல் வெச்சோம். இழுத்தா நாளைக்கு எப்படி இருக்கும்னு காட்டும். வெளையாட்டாத்தான் வெச்சோம்.”

“தெரியும். இன்ஷூரன்ஸ்காரங்க கேட்டாங்க.”

“அவங்க மட்டுமா? வீடு வாங்கறவன், கடன் குடுக்கறவன், பள்ளிக்கூடம் கட்டறவன், எல்லாரும் திறந்தவுடனே கோலை நாளைக்கு இழுத்தாங்க. ஒருத்தரும் இன்னைக்குல நிக்கல. எதுக்கு தினமும் இழுக்கணும், நாளைலயே திறந்தா என்னன்னு மேல இருந்து சொன்னாங்க. திறந்தோம். ஆம்புலன்ஸ், பஸ், வங்கி எல்லாம் அதையே படிக்குது. அது நம்ம தப்பா?”

“யாரு தப்புன்னு நான் கேக்கல. அந்த ஊரைப் போய்ப் பார்க்கலாமான்னு கேக்கறேன்.”

“போ. கள ஆய்வுக்கு உனக்கு உரிமை இருக்கு. இதுவரைக்கும் யாரும் போனதில்ல, அவ்வளவுதான்.”

*

மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே திரும்பியதும் வண்டியின் வழிகாட்டி பேசத் தொடங்கியது. “முன்னால் நீர்ப்பரப்பு. வாகனத்தைத் திருப்பவும்.” முன்னால் கிடந்தது தார்ச்சாலை. அதன் நடுவே ஒரு நாய் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. “நீங்கள் கடலுக்குள் நுழைந்துவிட்டீர்கள்,” என்றது வழிகாட்டி, குரலில் பதற்றம் ஏதுமின்றி. சுபத்ரா அதன் வாயை அடைத்துவிட்டு நாயைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஊர் முகப்பில் புன்னை மரத்தடியில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் மூத்தவரான தனவேல் முதலில் வாய் திறந்தார்.

“வாங்க, வாங்க. கடலுக்கு அடியில ஊரு எப்படி இருக்குன்னு பாக்க வந்தீங்களா? மூச்சு முட்டுதா? மொதல்ல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிரும்.”

கூட்டம் சிரித்தது. சுபத்ராவும் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

“சும்மா இருண்ணே, வெயில்ல வந்திருக்கு,” என்று ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், குரலைக் கேட்டதுமே சுபத்ராவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. “நாந்தான் அஞ்சலாட்சி. ஒரு ஆளு வருவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. மிசின்ல பதிலு வரும், அதப் பாத்துக் காறித் துப்பலாம்னு இருந்தேன். வா, டீ குடி.”

தேநீர்க் கடையின் நிழலில் நின்றபடி அவர்கள் சொன்னார்கள். நீலம் வந்த மறு வாரமே பேருந்து நின்றது. வங்கி, படகுக் கடனைப் புதுப்பிக்க மறுத்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதிய ஆசிரியை வந்து சேரவில்லை. வழி தேடிப் பார்த்துவிட்டு அப்படியோர் ஊரே இல்லை என்று திரும்பிவிட்டாளாம்.

“கடல் நிஜமாவே உள்ள வருதா?” சுபத்ரா தயங்கித்தான் கேட்டாள்.

“வருது,” என்றார் தனவேல். இப்போது குரலில் கேலி இல்லை. “யாரு இல்லேன்னா? எங்க பாட்டன் காலத்துல இருந்த ரெண்டு தெரு இப்ப இல்ல. அதுக்குத்தான் தூண்டில் வளைவு கேட்டு நாயா அலைஞ்சோம். தெரியுமில்ல, தூண்டில் முள்ளு கணக்கா வளைஞ்சு கடலுக்குள்ள போற கல்லுக் கரை. அத ஊருக்கு வடக்கால போட்டா அலை மண்ண அரிச்சுக்கிட்டுப் போவாது, இங்கயே சேத்துக் குடுக்கும். மொத வரிசையில பேரு வந்திருந்துச்சு. இப்ப ஃபைலு திரும்பிடுச்சு. இல்லாத ஊருக்கு எதுக்குய்யா கல்லுன்னு கேக்கறாங்க.”

“சாவப்போறவனும் செத்தவனும் ஒண்ணாம்மா?” என்றாள் அஞ்சலாட்சி. “சாவப்போறவனுக்குக் கஞ்சி ஊத்துவாங்க. செத்தவனுக்கு வாய்க்கரிசிதான் போடுவாங்க. நீங்க எங்களுக்கு வாய்க்கரிசி போட்டுட்டீங்க.”

சுபத்ரா தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படித்த படிப்பில் வரைபடம் என்பது நிலத்தின் பிரதிபலிப்பு. இங்கோ நிலம் வரைபடத்தைப் பிரதிபலிக்கத் தொடங்கியிருந்தது. நீலம் என்று எழுதியதால் கல் வரவில்லை. கல் வராததால் கடல் வரும். கடல் வந்தபின் கணக்கு சரியாகவே இருந்தது என்று நிறுவனம் தன் துல்லியத்தைப் பறைசாற்றிக்கொள்ளும். அந்த எழுபது விழுக்காட்டில் கடலின் பங்கு எவ்வளவு, தன் ‘சரி’யின் பங்கு எவ்வளவு என்பதை எந்தக் கணினியும் அவளுக்குப் பிரித்துச் சொல்லப்போவதில்லை.

அஞ்சலாட்சி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். உள்ளே தூளியை ஆட்டியபடி மகள் செந்தாமரை உட்கார்ந்திருந்தாள்.

“இவன்தான் எங்க கப்பலு,” என்று தூளியை விலக்கிக் காட்டினாள் அஞ்சலாட்சி. “பேரு வேற வெச்சிருக்கோம். ஆனா ஊருல எல்லாம் கப்பலுன்னுதான் கூப்புடுதுங்க. பொறப்புச் சான்றுல எடம் தானா நெரம்புச்சாம். வங்காள விரிகுடான்னு இருக்குது. கடல்ல பொறந்தது கப்பலுதானே?”

“எம்மா, போதும் உன் கிண்டலு,” என்றாள் செந்தாமரை. பிறகு சுபத்ராவைப் பார்த்து, “அஞ்சாம் மாசம் நான் என் வூட்டுக்குப் போயிடுவேங்க. வடக்க, சங்குமேடு. நடந்து போற தூரந்தான். எங்க ஊரு இன்னா கலருங்க?” என்று கேட்டாள்.

சுபத்ரா கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். “பச்சை. நல்ல கெட்டிப் பச்சை.”

“அதான் அங்க குடுத்தேன்,” என்றாள் அஞ்சலாட்சி பெருமையோடு. “இவங்கப்பன் தெக்கே குடுக்கலாம்னான். நாந்தான், பொண்ண மண்ணு நெலைக்கற ஊருல குடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்.”

*

தொகுப்பாளருக்கு ஓர் உரிமை உண்டு. நேரில் கண்டதன் அடிப்படையில் கணிப்பை மறுத்து ஒரு கட்டத்தின் நிறத்தைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கலாம். யாரும் அதுவரை கைவைக்காத உரிமை அது. சுபத்ரா கைவைத்தாள். காரணம் கேட்ட இடத்தில், ‘ஆள் இருக்கிறது’ என்று மட்டும் எழுதினாள்.

இம்தியாஸ் அவள் நாற்காலியின் பின்னால் வந்து நின்றான்.

“நடக்கப்போறத அழிச்சுட்டு நீ ஆசைப்படறத வரையற.”

“நீலமும் வெறுமனே நடக்கப்போறதைச் சொல்லல, இம்தியாஸ். அது நடத்தி வைக்குது. நான் பச்சையை நடத்தி வைக்கறேன்.”

“பச்சையானா கல்லு வரும்.”

“வரட்டுமே. இந்த வருஷத் தூண்டில் வளைவுத் திட்டத்தை அடுத்த வாரம் மூடறாங்க. அதுக்குள்ள பச்சையா இருந்தா ஃபைல் திரும்ப ஏறும்.”

அவன் குனிந்து அவளுடைய கட்டத்தின் வடக்கு விளிம்பில், சாம்பல் நிறம் தொடங்கும் இடத்தில், விரலை வைத்தான். “இங்க என்ன இருக்கு?”

“சங்குமேடு. அடுத்த கட்டம். அது பச்சைதான். நான் பார்த்தேன்.”

“கல்லு இல்லாத கணக்குல பச்சை. கல்லு போட்டா?”

“ரெண்டு கட்டத்தையும் சேர்த்து மாடலை ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். கம்ப்யூட்டர் வரிசையில நின்னா மூணு வாரம் ஆகும்.”

“ஆகும்.”

“அதுக்குள்ள திட்டம் மூடிடும்.”

இம்தியாஸ் விரலை எடுத்துக்கொண்டான். பிறகு, “அது என் கட்டமும் இல்ல, உன் கட்டமும் இல்ல,” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியே எடுத்துக்கொண்டாள். புன்னைக்குப்பத்தின் எழுத்துகள் திரையில் மெல்ல நிமிர்ந்தன.

*

அதன்பின் நடந்தவையெல்லாம் ஒரு நல்ல கதைக்கு உரியவை. பேருந்து வந்தது. வங்கி மீண்டும் படகுகளைக் கண்டுகொண்டது. திட்டம் மூடுவதற்கு முந்தைய நாள் ஃபைல் ஏறியது. லாரி லாரியாகக் கருங்கல் இறங்கியது. ஊரின் வடகோடியிலிருந்து கடலுக்குள் வளைந்து சென்ற அந்தக் கல்லுக்கரையின் மடியில், தெற்கிலிருந்து வந்த மண் ஒதுங்கிச் சேர்ந்தது. முதல் மழைக்காலத்துக்குப் பின் படகுகளை ஏற்ற இடம் கிடைத்தது. அடுத்ததற்குப் பின் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அஞ்சலாட்சி அவ்வப்போது படம் அனுப்புவாள். ஒரு தடவை நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் வந்து அலுவலகம் முழுக்க மணந்தது. குளிரூட்டியின் புண்ணியத்தில் அந்த மணம் ஒரு வாரம் போகவில்லை. நிறுவனத்தின் ஆண்டு விழாவில் சுபத்ராவை மேடையேற்றி, ‘மனிதமுகம் கொண்ட வரைபடம்’ என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

மூன்றாவது மழைக்காலம் முடிந்த ஒரு காலை, அவள் பொது வரைபடத்தைத் தற்செயலாகத் திறந்தாள். புன்னைக்குப்பம் பச்சையாக இருந்தது. அவளுடைய கட்டத்தின் வடவிளிம்பு வரை பச்சை. அங்கிருந்து, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல், நீலம் தொடங்கியது. அந்த நீலத்தில் ‘சங்குமேடு’ என்ற பெயர் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

எந்தக் கடலும் நேர்கோட்டில் தொடங்குவதில்லை. அந்தக் கோடு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு கட்டங்களையும் சேர்த்து ஓட்டச் சொல்லி விண்ணப்பித்தாள். மூன்று வாரம் ஆயிற்று. கல் இல்லாத கணக்கில் சங்குமேடு அவள் ஆயுளுக்கும் பச்சை. கல் உள்ள கணக்கில், வடக்கே போய்ச் சேர வேண்டிய மண் புன்னைக்குப்பத்திலேயே தங்கிவிட, பசித்த அலை சங்குமேட்டைத் தின்றது. சங்குமேட்டுக்கும் ஒரு தூண்டில் வளைவைக் கணக்கில் போட்டுப் பார்த்தாள். அது பச்சையாயிற்று, அதற்கு வடக்கே இருந்த ஊர் நீலமாயிற்று.

முடிவை இம்தியாஸிடம் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்தபின்னும் மாட்டிக்கொள்ளவில்லை.

“அன்னைக்கு நான் விரலை எடுத்திருக்கக் கூடாது,” என்றான்.

“வடக்குக் கட்டத்தையும் எனக்குக் குடுங்க.”

“குடுத்துடறேன். என்ன பண்ணப்போற?”

“தெரியல. போய்ச் சொல்லணும்.”

*

இம்முறை வழிகாட்டி எதிர்ப்பேதும் சொல்லவில்லை. புன்னைக்குப்பத்துக்குப் போகும் சாலையில் புதிய தார் மின்னியது. சுபத்ரா வழி முழுக்க முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டே வந்தாள். ‘அக்கா, ஒரு விஷயம்’ என்று தொடங்கலாம். ‘உங்க மண்ணு நெலைக்கற ஊரை நான்தான்’ என்பதுவரை போனாள். அதற்குமேல் எந்த வாக்கியமும் முழுமையடையவில்லை.

புன்னை மரத்தைத் தாண்டியதுமே பெருஞ்சத்தம் கேட்டது. கல்லுக்கரையின் மடியில் சேர்ந்திருந்த அந்தப் பரந்த புது மணலில் ஊரே கூடி நின்றது. நடுவில் அஞ்சலாட்சி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. எதிரே தனவேல்.

“இருக்கற எடம் வலை காயவைக்கவே பத்தல. இதுல இன்னொரு ஊரையே கொண்டாந்து குடி வெப்பியா?”

“வலை காயவைக்கற மண்ணு எங்கேருந்துண்ணே வந்துச்சு? உங்கப்பன் வூட்டுச் சீதனமா?”

“கடல் குடுத்துச்சு.”

“கடல் யார்கிட்ட புடுங்கி நமக்குக் குடுத்துச்சு? கல்லப் போட்டோம், மண்ணு வந்துச்சு, சரி. இந்த மண்ணு சும்மா இருந்தா எங்க போயிருக்கும்? சங்குமேட்டுக்குத்தானே போயிருக்கும்? அவங்க மண்ணத்தான் நாம மடியில கட்டி வெச்சிருக்கோம். மண்ணு மட்டும் வரலாம், மனுசன் வரக்கூடாதா?”

தனவேல் கூட்டத்தைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் சங்குமேட்டில் பெண் கொடுக்காத வீடும் இல்லை, எடுக்காத வீடும் இல்லை. அவருடைய இளைய மருமகள் அந்த ஊர்ப் பெண்தான். அவள் மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கெழக்கால, தண்ணியோரமா வேணாம்,” என்றார் தனவேல் கடைசியில். “படகு ஏத்தணும். மேக்கால போட்டுக்கட்டும்.”

அஞ்சலாட்சி முந்தானையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் சுபத்ராவைக் கண்டாள்.

“நீ எப்ப வந்த? வா. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“அக்கா, சங்குமேடு…”

“தெரியும்.”

“கல்லு போட்டதாலதான். அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்திருக்கணும். பாக்கல.”

“உன் கட்டம் உனக்குத் தெரிஞ்சுது, எங்க ஊரு எங்களுக்குத் தெரிஞ்சுது,” என்றாள் அஞ்சலாட்சி. குரலில் சாந்தமும் இல்லை, கோபமும் இல்லை. “அன்னைக்கு நீ அங்கயும் பாத்துட்டு வந்து, கல்லு போட்டா உன் பொண்ணு ஊரு போயிரும்னு சொல்லியிருந்தா, நான் வேணாம்னிருப்பேனா? கையில பச்சைப் புள்ள. யோசிச்சுப் பாத்தேன், தெரியல. அதனால உன்னை வைய எனக்கு வாய் வரல. வந்த வேலையப் பாப்போம்.”

“என்ன வேலை?”

“இந்த மணலுக்குப் பேரு இருக்கா உன் படத்துல?”

சுபத்ரா மடிக்கணினியைத் திறந்தாள். அந்த இடம் வெறும் மஞ்சள் திட்டாக இருந்தது. மணல் என்பதற்குமேல் கணினிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“பேரு இல்லாத எடத்துக்குக் கரெண்டு வராது, பஸ்ஸு வராது. நீதான் சொல்லிக்குடுத்த. சங்குமேடுன்னு போடு.”

சுபத்ரா விசைப்பலகையில் கை வைக்கவில்லை. இந்தமுறை கேட்காத கேள்வி ஏதும் இருக்கக் கூடாது. கட்டங்களின் கோடுகளை அழித்துவிட்டு, தெற்கும் வடக்குமாக மொத்தக் கரையையும் திரையில் விரித்து, ஏற்கெனவே ஓட்டி முடித்திருந்த கணக்கில் புது மணல் என்னாகிறது என்று பார்த்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். இந்த மணலும் நெலைக்காது. கப்பல் பத்தாங்கிளாஸ் முடிக்கற வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது.”

அஞ்சலாட்சி கணக்குப் போடுவதுபோல் கடலைப் பார்த்தாள். “பத்தாங்கிளாஸா? பரவால்ல. கடலோரத்துல யாருடி அதுக்கு மேல கேக்கறாங்க?”

அஞ்சலாட்சி தன்னை முதன்முறையாக ‘டி’ போட்டு அழைத்ததைச் சுபத்ரா கவனித்தாள். எழுதினாள். மஞ்சள் திட்டின்மேல் ‘சங்குமேடு’ என்ற பெயர் நிமிர்ந்து நின்றது. அடுத்த கணம் திரையில் ஒரு கேள்வி வந்தது.

செந்தாமரை அதற்குள் அருகே வந்திருந்தாள். இடுப்பில் கப்பல், கையில் ஒரு சங்கை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். “இன்னா கேக்குதுக்கா?”

“ஒரே பேர்ல ரெண்டு ஊரு இருக்காம். பழைய சங்குமேட்டை எடுத்துடவான்னு கேக்குது.”

செந்தாமரை வடக்கே திரும்பிப் பார்த்தாள். கல்லுக்கரைக்கு அப்பால், தொலைவில், பாதி இடிந்த வீடுகளின் வரிசை தெரிந்தது. ஒரு லோடு ஆட்டோ அங்கிருந்து கதவு நிலைகளையும் கூரை ஓடுகளையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது. வேறு பல வீடுகளின் அடுப்புப் புகை இன்னும் எழுந்துகொண்டுதான் இருந்தது.

“எல்லாரும் இன்னும் வரலயேக்கா,” என்றாள். “எங்க நாத்தனாரு அங்க நெறை மாசமா இருக்குது. வலி கண்டா வண்டி எங்க வரும்?”

சுபத்ரா ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள். காரணம் கேட்டது. புன்னைக்குப்பத்துக்கு முன்பு எழுதிய அதே இரண்டு சொற்களை எழுதினாள்.

பிறகு வடக்குக் கட்டத்துக்குள் போய், நீலத்தில் சாய்ந்து கிடந்த அந்தப் பெயரைத் தொட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.